சான் ஜொவான்னி மூலிகை நீர்: போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

இத்தாலிக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்திருக்கும் நம் ஆட்களுக்கு ஜூன் மாதத்தில் இப்படி ஒரு அழைப்பு வர வாய்ப்புண்டு: "சான் ஜொவான்னி இரவுக்கு மூலிகை நீர் வைக்கிறோம், வருகிறாயா?" தாராளமாகப் போங்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அங்கே ரூத்தா என்ற செடி இருந்தால் அதை வெயிலில் வெறுங்கையால் தொடாதீர்கள். யாராவது எனக்கு இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஏறக்குறைய எழுநூறு யூரோ என் கையில் இருந்திருக்கும், அந்தக் கோடைக்காலமும் உருப்படியாகக் கழிந்திருக்கும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சான் ஜொவான்னி என்றால் திருமுழுக்கு யோவான். அவருடைய பிறந்தநாள் ஜூன் 24. முந்தைய நாள் சாயங்காலம் காட்டுப் பூக்களையும் வாசனை இலைகளையும் பறித்துவந்து, வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டு, இரவு முழுக்கத் திறந்தவெளியில் வைத்துவிடுவார்கள். அந்த இரவில் இறங்கும் பனிக்கு குவாட்சா என்று பெயர். அது எந்தப் பீடையையும் தீர்க்கும் என்று ஒரு பழமொழியே உண்டு. காலையில் அந்தத் தண்ணீரில் முகமும் கையும் கழுவினால் நோய் அண்டாது, கண்ணேறு படாது என்பது நம்பிக்கை. இன்னின்ன செடிதான் போட வேண்டும் என்ற கணக்கு கிடையாது. லாவெண்டர், ரோஸ்மேரி, சேஜ், புதினா, ரோஜா இதழ், கெமோமில் என்று வீட்டுக்கு வீடு மாறும். பெரும்பாலும் தவறாமல் இருப்பது இபெரிகோ. ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்பார்களே, அதுதான். ஐந்து இதழ் மஞ்சள் பூ. மொட்டை விரலால் நசுக்கினால் சிவப்புச் சாயம் ஒட்டும். அதைப் புனிதரின் இரத்தம் என்கிறார்கள். நான் இருக்கும் பார்மாவில் 23ஆம் தேதி இரவு வெட்டவெளியில் மேசை போட்டு, ரிக்கோத்தா சீஸும் கீரையும் உள்ளே வைத்த தொர்த்தெல்லி என்ற பாஸ்தா சாப்பிடுவார்கள். பனி தலையில் விழ விழச் சாப்பிட வேண்டுமாம். பக்கத்து மோதெனாவில் நொச்சீனோ என்ற மதுவுக்காகப் பச்சை வால்நட் காய் பறிப்பதும் இந்த நாளை ஒட்டித்தான். கோடையின் மிக நீண்ட பகல் முடிந்த கையோடு வரும் திருநாள் என்பதால், கிறித்தவத்துக்கு முந்தைய வழக்கங்களும் இதில் கலந்திருக்கின்றன என்பார்கள். எனக்கு இதெல்லாம் ஊர்த் திருவிழா மாதிரியே பட்டது. அதனால்தான் ஆசையாகப் போனேன்.

போனது ஒரு வீட்டு விசேஷத்துக்கு அல்ல, காசு வாங்கிக்கொண்டு நடத்தும் நிகழ்ச்சிக்கு. பார்மாவிலிருந்து லாங்கிரானோ போகும் பக்கம் குன்றுகளில் இருக்கும் ஒரு பண்ணை விடுதி. மூலிகை பறித்தல், விளக்கவுரை, இரவு தொர்த்தெல்லி விருந்து, வீட்டுக்கு எடுத்துப் போக ஒரு கண்ணாடி ஜாடி, எல்லாம் சேர்த்து 45 யூரோ. மாணவிக்கு அது பெரிய தொகைதான். இருந்தாலும் என்னுடன் தங்கியிருந்த பெண்ணும் வருவதாகச் சொன்னதால் கட்டிவிட்டேன். கடைசி நேரத்தில் அவளுக்கு வேறு வேலை வந்துவிட்டது, நான் மட்டும் போனேன். பறிப்பது மாலை நான்கு மணிக்குத் தொடங்கியது. இந்த நேரத்தைக் கவனியுங்கள். ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு ஒன்பது ஆகிவிடும். நான்கு மணி என்றால் நல்ல உச்சி வெயில் என்றே வைத்துக்கொள்ளலாம். பழைய முறைப்படி பறிப்பது பொழுது சாய்ந்த பிறகு. எட்டு மணிக்கு விருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு முன்னால் புகைப்படத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் இவர்கள் முன்னே தள்ளிவிட்டார்கள்.

ஆளுக்கொரு கூடை கொடுத்தார்கள். எல்லாரும் லாவெண்டர் பக்கம் ஓடினார்கள். தோட்டத்து ஓரத்தில் நீலப் பச்சையில் சின்னச் சின்ன இலையோடு ஒரு புதர் இருந்தது. மஞ்சள் பூ, நெடி கொஞ்சம் தூக்கல். மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். எனக்கோ ஒரே சந்தோஷம், ஏனென்றால் அது எங்கள் ஆச்சி வீட்டுக் கொல்லையில் இருந்த அருவதா. கைக்குழந்தைக்குச் சளி, மாந்தம் என்றால் அந்த இலையைத்தான் தேடுவார்கள். ரூத்தா என்று எழுதி ஒரு பலகை நட்டிருந்தார்கள். வழிகாட்டி வந்து, இது மந்திரவாதிகளை விரட்டும் செடி, உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கிப் போடுங்கள், அப்போதுதான் சத்து இறங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். கையில்லாத சட்டை போட்டிருந்தேன். தண்டை முழங்கையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இலையை உருவி, கசக்கி, என் ஜாடியில் பாதிக்கு மேல் அதையே நிரப்பினேன். வெயில், வியர்வை, கையெல்லாம் சாறு. கை கழுவச் சோப்பு இருக்கும் இடத்தைக்கூட யாரும் காட்டவில்லை. சும்மா தண்ணீரில் அலசிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். விருந்தைக் குறை சொல்ல மாட்டேன். வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும் மிதக்க மிதக்க வந்தது.

இரவு ஜாடியைப் பால்கனியில் வைத்தேன். காலையில் எழுந்து அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் கழுத்திலும் கையிலும் ஊற்றிக்கொண்டேன். முகத்தில் கொஞ்சம்தான் தெளித்தேன், நெடி அதிகமாக இருந்ததால். அந்த நெடியைக் கும்பிட வேண்டும். துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படியே பால்கனி வெயிலில் நின்று காயவிட்டு, சைக்கிளில் பல்கலைக்கழகம் போனேன்.

அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் காலை கை எரிந்தது. அரிப்பு இல்லை, எரிச்சல். அடுப்பில் சுட்டுக்கொண்ட மாதிரி. நம் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது, கரும் ஊதாவாகத்தான் கண்டது. அதற்கடுத்த நாள் கொப்புளம் கிளம்பியது. முன்கையில் கோடு கோடாக, கழுத்தில் தண்ணீர் வழிந்த தடத்திலேயே பட்டை பட்டையாக. விரலிடுக்கில் இருந்த கொப்புளத்தால் பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. வீடியோவில் காட்டியதும் அம்மா, "அக்கிடி அது. ஊர்ல இருந்தா வேளார் வீட்டுல போய் காவி எழுதிட்டு வந்திருக்கலாம்" என்று அழ ஆரம்பித்துவிட்டார். நான் அழவில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை. தனி அறையில், மொழியும் அரைகுறை, கழுத்தில் என்னவென்றே தெரியாத புண். அந்த இரவு மூட்டைப்பூச்சியிலிருந்து தொழுநோய் வரைக்கும் எல்லாவற்றையும் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டேன். மூலிகைத் தண்ணீர் மேல் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. குழந்தைக்குக் கொடுக்கிற இலை அல்லவா?

முதலில் போனது மருந்துக்கடைக்கு. பூச்சிக்கடியாக இருக்கும் என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள், உள்ளே போட மாத்திரையும். இரண்டுக்கும் சேர்த்து முப்பது யூரோவுக்குப் பக்கம். அந்தக் களிம்பில் இருந்தது பிரொமெதாசின். தோலில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் அதுவே ஒவ்வாமல் போகக்கூடிய மருந்து என்பது பின்னால்தான் தெரிந்தது. ஏற்கெனவே வெயிலால் வெந்த தோலுக்கு அதையும் தடவிக்கொண்டு நான் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தேன். இத்தாலியில் மருந்துக்கடைக்காரர்கள் படித்தவர்கள், பல சமயம் மருத்துவரைவிட நிதானமாகக் கேட்பார்கள். ஆனால் நாம் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? நான் செடியைப் பற்றிச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடுத்த அடி வேலையில். பகுதி நேரமாக ஒரு ஐஸ்கிரீம் கடையில் நின்றுகொண்டிருந்தேன். உணவைத் தொடும் வேலையில் கை நிறைய ஆறாத புண்ணோடு நிற்க விடமாட்டார்கள். அது சுகாதார விதி, அதில் முதலாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னுடையது கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் சம்பளம் இல்லை என்ற வகை ஒப்பந்தம். ஜூன் கடைசியும் ஜூலையும்தான் அந்தக் கடையில் மணிக்கணக்கு அதிகம் கிடைக்கும் காலம். அது அத்தனையும் போனது. குத்துமதிப்பாக 450 யூரோ. அறை வாடகையை நண்பனிடம் கடன் வாங்கித்தான் கட்டினேன்.

இங்கே காப்பீடு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் மாணவர்கள் பலரும் இதில் மாட்டுகிறார்கள். குடியிருப்பு அனுமதிக்கு ஏதோ ஒரு காப்பீடு காட்ட வேண்டும். அரசு சுகாதாரச் சேவையில் விருப்பப் பதிவு செய்யலாம், அல்லது மலிவான தனியார் காப்பீடு வாங்கலாம். முன்பு அரசுப் பதிவு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 150 யூரோவுக்குள் இருந்தது. 2024 முதல் அது 700 யூரோ. அதனால் எல்லாரும் தனியார் பக்கம் போகிறோம். நான் வாங்கியிருந்த காப்பீடு அவசர மருத்துவமனைச் சிகிச்சைக்கு மட்டும்தான். தோல் மருத்துவரைப் பார்க்க ஒரு யூரோகூடத் தராது. குடும்ப மருத்துவரும் கிடையாது, அது அரசுப் பதிவு உள்ளவர்களுக்குத்தான். 700 கட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது அவரவர் வசதி. ஆனால் ஒன்று: அரசுப் பதிவு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று நாட்காட்டி ஆண்டுக்கு ஓடும். அக்டோபரில் கட்டினாலும் முழுத்தொகைதான், டிசம்பரோடு முடிந்துவிடும். கட்டுவதென்றால் ஜனவரியில் கட்டுங்கள். தனியார் காப்பீடு என்றால், கையெழுத்துப் போடும் முன் வெளிநோயாளியாகச் சிறப்பு மருத்துவரைப் பார்த்தால் பணம் வருமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியில் தனியாராகப் பார்க்கும் ஒரு தோல் மருத்துவரிடம் 130 யூரோ கொடுத்துப் போனேன். அந்த அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிகாரப் பட்டைக்கு அடியில் தோல் சுத்தமாக இருந்தது. சட்டை மறைத்த இடத்திலும் ஒன்றுமில்லை. கழுத்தில் நீர் வழிந்த கோடு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கேட்ட முதல் கேள்வியே "என்ன செடியைத் தொட்டீர்கள்?" என்பதுதான். நான் சான் ஜொவான்னி என்று ஆரம்பித்ததுமே, "ரூத்தா" என்று அவரே முடித்தார். அத்தி மரத்துப் பாலும் இதே வேலையைச் செய்யுமாம்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். ரூத்தாவின் சாற்றில் சோராலன் வகைப் பொருட்கள் இருக்கின்றன. அவை தோலில் ஊறியிருக்கும்போது சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் செல்களைத் தாக்கும். இது ஒவ்வாமை அல்ல. உடம்புவாகு எப்படி இருந்தாலும், சாறும் வெயிலும் போதுமான அளவு சேர்ந்தால் யாருக்கும் வரும். ஈரமும் வியர்வையும் இருந்தால் இன்னும் மோசம். உடனே தெரியாது, ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் ஆரம்பிக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் செடியையும் புண்ணையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. சோராலன் என்ற பெயரே எதிலிருந்து வந்தது தெரியுமா? நம் சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குக் கொடுக்கும் கார்போக அரிசியின் தாவரப் பெயரிலிருந்து. தோலில் நிறம் வரவைக்கத் தடவி வெயில் காட்டும் அதே வித்தைதான், என் கையில் கட்டுப்பாடில்லாமல் நடந்திருக்கிறது. எலுமிச்சை பிழிந்த கையோடு கடற்கரையில் கிடப்பவர்களுக்கும் இது வரும். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமோத் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோல் எண்ணெயிலும் இதே குடும்பப் பொருள் உண்டு. அந்த எண்ணெய் சேர்த்த பழைய காலத்து வாசனைத் திரவியங்களால் கழுத்தில் கறுப்புத் தடம் விழுந்தவர்கள் இருக்கிறார்களாம்.

அவர் பழைய களிம்பை நிறுத்தச் சொல்லி ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதினார், குளிர்ந்த ஈரத்துணி ஒற்றச் சொன்னார். கொப்புளத்தை உடைக்கவே கூடாது என்றார். முக்கியமான அறிவுரை வெயில் பற்றியது: வெளியே போனால் நீளக் கை சட்டை, அதிகத் தடுப்புத் திறனுள்ள சன்ஸ்கிரீன். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், இந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும். களிம்பும் சன்ஸ்கிரீனும் சேர்த்து இன்னொரு 60 யூரோ. கொப்புளம் ஆறிய பிறகு அதே கோடுகள் கரும்பழுப்பாக மாறின. அதற்கு மருந்தில்லை, பொறுமைதான் என்றார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோதும் கழுத்தில் அந்தத் தடம் இருந்தது. சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம். புண்ணைவிட அதுதான் என்னை அதிகம் படுத்தியது.

உங்களுக்கு இப்படி ஏதாவது சாறு பட்டுவிட்டால், பட்டவுடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெறும் தண்ணீர் போதாது. அப்புறம் இரண்டு நாளாவது அந்த இடத்தில் வெயில் படாமல் துணியால் மூடி வையுங்கள். மேகம் மூடியிருந்தாலும் அப்படித்தான். கண்ணில் பட்டாலோ, கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, சீழ் வைத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். போகும்போது முந்தைய மூன்று நாளில் தொட்ட செடி, பழம், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் செடியின் படமும். மொழி தெரியாதவர்களுக்கு அதுதான் பாதி வைத்தியம். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது என்பதால் எரிகிறது, வலிக்கிறது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். "லேசான கருமைதானே" என்று விட்டுவிடப் பார்ப்பார்கள்.

இன்னொன்று. மூலிகை நீர் வைத்தது போக மீந்த இபெரிகோ பூவை அந்த நிகழ்ச்சியில் பொட்டலம் கட்டித் தேநீர் போட்டுக் குடிக்கக் கொடுத்தார்கள். மனச்சோர்வுக்கு நல்லதாம். அது பல மருந்துகளைக் கலைத்துவிடும் செடி. கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் வார்ஃபரின், உறுப்பு மாற்றம் செய்தவர்களின் மருந்து எல்லாம் அதோடு சேர்ந்தால் வேலை குறைந்துவிடும். மனச்சோர்வு மாத்திரை போடுபவர்களுக்கு வேறுவிதமான ஆபத்து. தினமும் ஏதாவது மருந்து சாப்பிடுபவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். அந்தப் பொட்டலத்தில் எச்சரிக்கை என்று ஒரு வரி கிடையாது.

நடத்தியவர்களுக்கு மருத்துவரின் சீட்டோடு மின்னஞ்சல் அனுப்பினேன். பணம் திருப்பிக் கேட்கவில்லை, ரூத்தா பலகையில் ஒரு எச்சரிக்கை எழுதுங்கள், கையுறை கொடுங்கள் என்றுதான் கேட்டேன். இயற்கையான பொருளால் கெடுதல் வராது, என் தோல் மென்மையானதாக இருக்கலாம், அடுத்த ஆண்டு வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று பதில் வந்தது. அந்த வரியைப் படித்தபோதுதான் கோபம் முழுசாக வந்தது.

அடுத்த ஜூனில் நான் போகவில்லை. கீழ்வீட்டு சிஞ்ஞோரா அவரே வைக்கிறார் என்று தெரிந்து அவரோடு சேர்ந்துகொண்டேன். எண்பதை நெருங்கும் அம்மா. ஒன்பதரை மணிக்கு இருட்டியபின்தான் கத்தரிக்கோலோடு இறங்கினார். ரோஜா, லாவெண்டர், சேஜ், புதினா, நாலைந்து இபெரிகோப் பூ, அவ்வளவுதான். காலையில் வெயில் ஏறும் முன்னரே கழுவி முடித்து உள்ளே வந்துவிட்டோம். பழைய நேரக் கணக்கு தோலைக் காப்பதற்காக வந்தது என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் அந்தக் கணக்கில் செய்தால் வெயிலுக்கு வேலையில்லை. ரூத்தா போட மாட்டீர்களா என்று கேட்டேன். "அது கிராப்பா சாராயப் புட்டியில் ஒரு கொத்து கிடக்கிறது, அங்கேயே இருக்கட்டும்" என்றார். இந்த ஆண்டும் அவர் வீட்டில்தான். நீங்கள் காசு கட்டித்தான் போவதாக இருந்தால், என்ன செடியெல்லாம் பறிப்பீர்கள், எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் பணம் அனுப்பும் முன் எழுதிக் கேட்டு வாங்குங்கள். நீளக் கை சட்டையும் ஒரு ஜோடி கையுறையும் நீங்களே எடுத்துப் போங்கள்.